அக்கா வாங்கிய பட்டம்

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் தன் முதல் பட்டமளிப்பு விழாவை 1972ல் நடத்தியது. உரையாற்ற வந்தவர் ஹிந்தி நடிகர் பல்ராஜ் சாஹ்னி. சுயமாகச் சிந்திக்கும் துணிவு நமக்கு இன்னும் வரவில்லையே என்ற ஆதங்கத்தை அவர் அன்று மாணவர்கள் முன் கொட்டினார். அந்த உரை இன்றும் பேசப்படுகிறது. விழாதான் தொடரவில்லை. இரண்டாவது விழா நடந்தது 2018 ஆகஸ்டில்; அதுவும் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்காக. இடைப்பட்ட 46 ஆண்டுகளில் அங்கே படித்துத் தேறியவர்கள் நூலகத்திலும் விடுதியிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கி, அலுவலக ஜன்னலில் நின்று பட்டத்தைப் பெற்றுக்கொண்டு போனார்கள். அங்கி கிடையாது, குல்லாய் கிடையாது, மேடையில் அமைச்சர் கிடையாது. அவர்களில் பலருக்கு இதில் குறை ஏதும் இல்லை. கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நாக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த ஒரு தமிழ் இளைஞருக்கும் அந்தக் கர்வம் இருந்தது. அவர் 1998ல் ரஷ்ய மொழியில் எம்.ஏ. முடித்தார். "எங்க யூனிவர்சிடியில அந்த மாதிரிக் கூத்தெல்லாம் கிடையாது அக்கா" என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொன்னார். வெள்ளைக்காரன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன கறுப்பு அங்கியை நாம் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு நிமிட விளக்கமும் கொடுத்தார். மறுமுனையில் அக்கா, "சரிடா, மீட்டர் ஓடுது, வை" என்றார். ஐந்தாவது சம்பளக் கமிஷனின் நிலுவைப் பணத்தில், அந்த விழாவுக்கென்றே ஒரு காஞ்சிபுரம் பட்டு வாங்கி ரவிக்கையும் தைத்து வைத்திருந்ததை அவர் சொல்லவில்லை. தம்பிக்கு அது பிறகு அம்மா மூலம் தெரிந்தது. கதைகளில் வருவதுபோல அந்தப் புடவை பல ஆண்டுகள் பெட்டியில் காத்திருக்கவும் இல்லை. அடுத்த மாதமே அலுவலகத்தில் ஒருவர் வீட்டு கிருகப்பிரவேசத்துக்கு அக்கா அதைக் கட்டிக்கொண்டு போனார். மடித்தே வைத்தால் பட்டு மடிப்பில் இற்றுவிடும் என்பது அவர் கணக்கு.

அந்தக் குடும்பத்தின் கதை ரயில்வே காலனிகளில் அபூர்வமானதல்ல. அப்பா கூட்ஸ் வண்டி கார்டு. 1986ல், பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். அக்காவுக்கு அப்போது 19 வயது, பி.ஏ. இரண்டாம் ஆண்டு. தம்பிக்கு 11. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பணிக்காலத்தில் ஊழியர் இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுக்க ரயில்வேயில் விதி இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்பதைப் பெரும்பாலும், காரியங்கள் முடிந்த பிறகு கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்காரும் மாமாக்களும் சித்தப்பாக்களும் முடிவு செய்கிறார்கள். பையன் மேஜராகும்வரை வேலையை நிறுத்தி வைக்கும்படி கேட்கலாம், அதற்கும் விதியில் இடம் உண்டு, அதற்குள் பெண்ணை ஒரு இடத்தில் கட்டிக் கொடுத்துவிடலாம் என்றது சபை. சமையலறை வாசலில் நின்றிருந்த பெண், "நான் வேலைக்குப் போறேன் மாமா. அவன் படிக்கட்டும்" என்றார்.

வேறு காரணமும் இருந்தது. வீட்டில் ஒருவருக்கு உடனே வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸைத் தக்கவைத்துக்கொள்ள வழி உண்டு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். ஆனால் கூடத்தில் இருந்தவர்களுக்கு நினைவில் நின்றது அந்த இரண்டாவது வாக்கியம்தான். அது சொல்லப்படாமல் போயிருந்தால் தம்பி 18 வயதில் குமாஸ்தாவாகியிருப்பார். அக்கா பி.ஏ. முடித்திருப்பார்.

ஓராண்டு காகிதங்களோடு அலைந்து, எழுத்துத் தேர்வு எழுதி, 1987ல் டிவிஷனல் அலுவலகத்தில் அவர் ஜூனியர் கிளார்க் ஆனார். இரண்டு ஆண்டுகளுக்குள் தட்டச்சுத் தேர்வு தேறவேண்டும். மாலையில் சீதாபர்டியில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் தட்டித் தட்டிப் பழகினார். தேறினார். பி.ஏ. இரண்டாம் ஆண்டுப் புத்தகங்கள் கொஞ்ச காலம் பரண்மேல் இருந்தன. பிறகு பழைய பேப்பர்காரனிடம் போயின.

தம்பி 1993ல் ஜே.என்.யு.வில் சேர்ந்தபோது இருவரும் சேர்ந்தே தில்லிக்குப் போனார்கள். அப்பா இல்லாத குடும்பத்தில், ஊழியரையே நம்பியிருக்கும் தம்பியின் பெயரையும் ரயில்வே பாஸில் சேர்க்க முடியும். அந்த இரண்டாம் வகுப்பு பாஸில் தன் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததைத் தம்பி வழியெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தார்: சார்ந்திருக்கும் சகோதரன். அரசாங்கக் காகிதங்கள் சில சமயம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகின்றன. சோவியத் யூனியனே இல்லாமல் போன பிறகு ரஷ்ய மொழி படித்து என்ன செய்யப் போகிறான் என்று காலனியில் கேட்டார்கள். அக்காவுக்கும் பதில் தெரியாது. "இடம் கிடைச்சது அதுலதான்" என்று சொல்லி வந்தார். விடுதிக்குப் பெயர் பெரியார் என்று கேட்டதும் அவருக்கு ஆச்சரியம்; தில்லியில் நம்ம ஊர்ப் பெரியாருக்கு ஒரு விடுதியா என்று. அது கேரளத்து ஆற்றின் பெயர், அங்கே விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர்தான் என்று தம்பி விளக்கினார். கட்டணம் சொற்பம். மெஸ் பில்தான் பாரம். ஐந்து ஆண்டுகள் மாதம் தவறாமல் மணியார்டர் போனது.

தம்பியின் அங்கி எதிர்ப்பில் தவறு கண்டுபிடிக்க முடியாது. 1857ல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றியபோது லண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரி. பாடத்திட்டத்தோடு அங்கியும் வந்தது. குளிர் நாட்டுத் துறவிகளின் உடையை ஏப்ரல் வெயிலில் அணிந்து வியர்த்துக் கொட்டும் பட்டதாரிகளைப் பார்த்தால் யாருக்கும் அந்தக் கேள்வி எழும். மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் 2010ல் போபாலில் ஒரு பட்டமளிப்பு மேடையிலேயே அங்கியைக் கழற்றிவிட்டு, இது காலனி ஆதிக்கத்தின் மிச்சம் என்று சாடியது பெரிய செய்தியானது. 2019ல் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டமளிப்பு விழாக்களில் கைத்தறி உடைகளைப் பயன்படுத்தும்படி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. எல்லாம் சரி. ஆனால் ஒரு சடங்கைத் துறப்பதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. முதலில் அது கைக்கு எட்ட வேண்டும். அங்கியைக் கழற்றி எறிந்தவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது அதை அணிந்தவர்கள் அல்லது நினைத்தால் அணியக்கூடியவர்கள். காஞ்சிபுரம் பட்டு வாங்கி வைத்த பெண்ணுக்கு அந்த விழா காலனி ஆதிக்கமாகத் தெரியவில்லை. ஐந்து ஆண்டு மணியார்டர் ரசீதுகளின் கூட்டுத்தொகையாகத் தெரிந்திருக்கும்.

தம்பி நாக்பூர் வந்தபோது பட்டத்தை ஒரு குழாயில் சுருட்டிக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். தில்லியில் வாடகை அறை. மாதத்துக்கு ஒரு இடம். அக்காவிடம் இருந்தால் பத்திரம். அக்கா அதை சீதாபர்டியில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்று லேமினேட் செய்து, அப்பா படத்துக்குக் கீழே மாட்டினார். அந்தக் காலத்தில் மதிப்புள்ள எதையும் எல்லோரும் லேமினேட் செய்தார்கள்: ரேஷன் கார்டு, சாமி படம், பள்ளிச் சான்றிதழ்.

2001ல் தம்பிக்கு மாஸ்கோவில் வேலை கிடைத்தது. இந்திய மருந்துகளை ரஷ்யாவில் விற்கும் நிறுவனம். பட்டச் சான்றிதழின் பின்பக்கத்தில் அரசு முத்திரை வேண்டும் என்றார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 33 வயதில், தன் அலுவலகத்திலேயே பணிபுரிந்தவரைத் திருமணம் செய்துகொண்டிருந்த அக்கா, சுவரிலிருந்து சான்றிதழை இறக்கி, செய்தித்தாளில் சுற்றி, தானே தில்லிக்குக் கொண்டுவந்தார். தபாலில் அனுப்ப மனமில்லை. இருவரும் ஒரு அரசு அலுவலகத்தின் கவுன்ட்டர் முன் நின்றார்கள். உள்ளே இருந்தவர் பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்தார். அதன்மேல் முத்திரை ஒட்டாது. உரித்தால் காகிதம் கிழியும். "எந்த அன்பட் செய்த வேலை இது?" என்றார். படிப்பறிவு இல்லாதவரை ஹிந்தியில் அப்படிச் சொல்வது வழக்கம். அவர் யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை. தினமும் பத்து பேரிடம் சொல்லும் வசைதான். அக்கா தம்பிக்கு ஒரு அடி பின்னால் நின்றிருந்தார். தம்பி, டூப்ளிகேட் வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா பேசியது ஆட்டோ கட்டணத்தைப் பற்றி மட்டும். நாக்பூரில் இந்த தூரத்துக்குப் பாதிகூட ஆகாது என்றார். டூப்ளிகேட் வந்தது, முத்திரை விழுந்தது, தம்பி மாஸ்கோ போனார், சில ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் மும்பை அலுவலகத்துக்குத் திரும்பினார். அந்த கவுன்ட்டர் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தம்பி மும்பையிலிருந்து தொலைபேசியில் அழைப்பது வழக்கம். 2009ல் ஏதோ மாறியது. "மார்க்கெட் போயிருக்கா" என்பார் அத்திம்பேர். அல்லது கோயில். அல்லது தலைக்குக் குளிக்கிறாள். தம்பி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா உண்மையில் ஒரு கல்லூரி வகுப்பறையில், முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவானது. 1987ல், அதாவது அக்கா தட்டச்சு பழகப் போன அதே ஆண்டில், 4,528 மாணவர்களோடு இரண்டு டிப்ளமா படிப்புகளைத் தொடங்கியது. இன்று அதன் மாணவர் எண்ணிக்கை லட்சங்களில். இக்னோ என்ற சுருக்கப் பெயரைக் கேட்டால் சிலர் உதட்டைப் பிதுக்குவதுண்டு, தபால் படிப்புதானே என்று. அப்படிச் சொல்பவர்கள் அதன் கணக்கைப் பார்க்க வேண்டும். அக்கா சேர்ந்த காலத்து பி.ஏ.வுக்கு 96 கிரெடிட்கள். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. மொத்தம் 2,880 மணி நேரம். காலை ஐந்துக்கு எழுந்து, குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் இரண்டு பக்கம், அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் மூன்று பக்கம், மகள் தூங்கிய பிறகு நான்கு பக்கம் என்று அந்த மணிகளைச் சேர்க்க வேண்டும். பழுப்பு உறையில் பாடப் புத்தகங்கள் வரும். அசைன்மென்ட்களைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. மூன்று ஆண்டில் முடிக்கலாம். ஆறு ஆண்டுவரை அவகாசம்.

அக்காவின் விருப்பப் பாடம் வரலாறு. அதில் அவருக்குத் தடங்கல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, பாடத்துக்கு வெளியேயும் தேடிப் போனார். ஆனந்திபாய் ஜோஷி 1886 மார்ச்சில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றபோது, அதைப் பார்ப்பதற்காக இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து போனவர் பண்டித ரமாபாய். ஆனந்திபாய்க்கு அவர் உறவுக்காரர். அடுத்த ஆண்டே, 22 வயது நிறையும் முன், ஆனந்திபாய் இறந்துவிட்டார். ஊர் திரும்பியும் மருத்துவராகப் பணியாற்ற முடியவில்லை. பாடப்புத்தகங்கள் அந்த மரணத்தைச் சொல்லிக் கண்கலங்க வைக்கும். அக்கா மகளிடம் சொன்னது வேறு: "பாரு, ஒருத்தி பட்டம் வாங்கறதைப் பார்க்க இன்னொருத்தி கப்பல்ல போயிருக்கா."

அவரைப் படுத்தியது அறிவியல். கலைப்பிரிவு மாணவர்களும் கட்டாயம் எழுத வேண்டிய அறிவியல்-தொழில்நுட்ப அடிப்படைப் பாடம் ஒன்று அன்று இருந்தது. எட்டு கிரெடிட். இரண்டு முறை தோற்றார். மூன்றாவது முறை கணவர் கேள்வி கேட்க, வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொல்லிப் பழகி, தேறினார். தம்பியிடம் சொல்லாமல் வைத்திருந்ததற்கு இதுவே காரணம் என்று கணவரிடம் சொல்லியிருந்தார். நாற்பத்தைந்து வயதில் ஃபெயிலாவதை எம்.ஏ. படித்த தம்பியிடம் எப்படிச் சொல்வது? முழுக் காரணமும் அதுதானா என்று கணவர் கேட்கவில்லை. கவுன்ட்டர் விஷயம் அவருக்குத் தெரியாது.

இதனால் சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டம் பெற்ற குமாஸ்தாக்களுக்கென்று ரயில்வேயில் பதவி உயர்வுத் தேர்வு உண்டு. ஆனால் அக்கா அந்தப் படிகளையெல்லாம் பணிமூப்பிலேயே மெல்ல ஏறிக் கடந்திருந்தார். எதற்காக இந்த வயதில் என்று கேட்ட சக ஊழியர்களிடம், "பாதியில விட்டது" என்று மட்டும் சொன்னார். ஏதோ பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆறாவது ஆண்டில் முடித்தார். வராதவர்களுக்குப் பட்டம் தபாலில் வந்துவிடும். மணியார்டரும் மெஸ் பில்லும் தபாலிலேயே போய் வந்த குடும்பத்துக்கு அது பொருத்தமாகக்கூட இருந்திருக்கும். அக்கா விழாவுக்கு வருவதாக எழுதிப் போட்டார். பிறகு மகளின் கைப்பேசியிலிருந்து அழைப்பிதழின் புகைப்படம் ஒன்று தம்பிக்குப் போனது. கீழே ஒரு வரி: முடிந்தால் வா.

தம்பி அதை மூன்று முறை படித்தார். முதலில் வேறு யாருடைய அழைப்பிதழோ தவறி வந்துவிட்டது என்றே நினைத்தார். பெயரைப் பார்த்த பிறகு அத்திம்பேரை அழைத்து, ஆறு ஆண்டு மார்க்கெட்டைப் பற்றி விசாரித்தார். அந்த வாரம் ஒரு வெளிநாட்டுப் பயணம் இருந்தது. ரத்து செய்தார். விதர்பா எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியபோது அங்கியைப் பற்றி அவரிடம் கருத்து ஏதும் இல்லை.

அரங்கில் அவரை முதலில் திகைக்க வைத்தது பார்வையாளர் வரிசை. பட்டமளிப்பு விழா என்றால் பார்வையாளர்கள் பெற்றோராக இருப்பார்கள். இங்கே பெற்றோர் குறைவு. பட்டம் வாங்க வந்தவர்களே பெற்றோர். சீருடைக் காவலர் ஒருவரின் இரண்டு மகன்கள் நாற்காலியில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நர்ஸின் கணவர் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அல்லாடினார். நரைத்த தலைக்காரர் ஒருவர் மேடைக்குப் போனபோது, "பாபா!" என்று நடுவயதுப் பெண் ஒருவர் கத்தினார். சிறைகளிலும் இக்னோவுக்குப் படிப்பு மையங்கள் உண்டு. அப்படிப் படித்தவர்களின் பட்டம் எங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்று தம்பிக்குக் கொஞ்ச நேரம் யோசனை ஓடியது. தில்லியில் நடக்கும் முக்கிய விழா திரையில் வந்துகொண்டிருந்தது. ஒலி விட்டு விட்டு வந்தது. சிறப்பு விருந்தினரின் பேச்சு நீளம். எந்த விழாவிலும் அப்படித்தான்.

அக்கா பருத்திப் புடவை கட்டியிருந்தார். வரிசை நகர்ந்தது. மகாராஷ்டிரத்தில் தமிழர்களுக்கு நேரும் ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அங்கே இனிஷியல் செல்லாது. முதலில் தன் பெயர், அடுத்து அப்பா பெயர், கடைசியில் குடும்பப் பெயர் என்பது வழக்கம். பள்ளியில் சேர்க்கும்போதே தமிழ்ப் பிள்ளைகளின் ஓரெழுத்து இனிஷியல் விரிந்து முழுப் பெயராகிவிடும். திருமணத்துக்குப் பிறகும் அக்கா பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயரிலேயே படித்தார். ஒலிபெருக்கியில் ஒரு மராத்திக் குரல், தட்டுத் தடுமாறி, அக்காவின் பெயரையும் அதைத் தொடர்ந்து அப்பாவின் பெயரையும் முழுசாக வாசித்தது. 1986க்குப் பிறகு அந்தப் பெயரைத் தம்பி படிவங்களில் எழுதியிருக்கிறார். இத்தனை பேர் முன்னிலையில் உரத்துக் கேட்டதில்லை. ழகரம் ளகரமாகிவிட்டது. பரவாயில்லை.

கைதட்ட மறந்துவிட்டார். படம் எடுக்கும் பொறுப்பு அவருடையது. எடுத்த இரண்டு படங்களில் ஒன்றில் முன்னால் எழுந்து நின்றவரின் முதுகு. மற்றதில் அக்கா மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார், படியைப் பார்த்தபடி. "மாமா, உங்களை நம்பி!" என்று எட்டாம் வகுப்பு மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் டீ கொடுத்தார்கள். அக்கா உறையைத் தம்பியிடம் நீட்டி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பி சான்றிதழை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் ஓரங்களில் மட்டும் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"வெறுமையாதான் இருக்கு" என்றார் அக்கா. "சீல் குத்த இடம் விட்டிருக்காங்க."

தம்பி நிமிர்ந்து பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பதினைந்து ஆண்டு நெருங்கிய பிறகு அந்த கவுன்ட்டர் பற்றி இருவருக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். தம்பி ஏதோ சொல்லத் தொடங்கினார். "டீ ஆறுது, குடி" என்றார் அக்கா.

வீட்டில் அம்மா காத்திருந்தார். மூட்டு வலி, விழாவுக்கு வர முடியவில்லை. சான்றிதழை மடியில் வைத்து, அப்பா பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பேத்தி விரலைப் பிடித்துக் காட்டினாள். இதை எங்கே மாட்டுவது என்று பேச்சு வந்தது. "பேசாம லேமினேட் பண்ணிடலாமே" என்றார் அத்திம்பேர், விஷயம் தெரியாமல்.

"வேண்டாம்" என்றார்கள் அக்காவும் தம்பியும், ஒரே நேரத்தில்.

அது இப்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைலில், பீரோவின் மேல்தட்டில், கேஸ் இணைப்புப் புத்தகத்துக்கும் எல்.ஐ.சி. பத்திரத்துக்கும் நடுவே இருக்கிறது.